ஏரிக்கரையில் நின்ற கலெக்டர்

மதுராந்தகம் ஏரியைக் கட்டிக் காத்த பிளேஸ் துரையின் கதை

சென்னையிலிருந்து திருச்சிக்கு ரோடு வழியாகப் போகிறவர்கள் மதுராந்தகத்தில் ஒரு பெரிய ஏரியைப் பார்த்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்துவிட்டால் அது ஏரியாகவே தெரியாது. குட்டிக் கடல் போல இருக்கும்.

அந்த ஏரிக்கரையை ஒட்டி ஒரு கோவில் இருக்கிறது. கோதண்டராமர் கோவில். ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "ஏரி காத்த ராமர்" என்றுதான் சொல்வார்கள்.

ராமர் ஏரியைக் காத்த கதையில் ஒரு வெள்ளைக்காரரும் வருகிறார். அவர் சாமி கும்பிட வந்தவர் அல்ல. வரி வசூலிக்க வந்தவர். அவர் பெயர் லியோனல் பிளேஸ். 200 ஆண்டுகளுக்கு முன்பு செங்கற்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்தவர்.

கர்னல் பிளேஸ் என்று பலர் சொல்வது உண்டு. அது சரி அல்ல. அவர் பட்டாளத்துக்காரர் அல்ல. கிழக்கிந்தியக் கும்பினியின் சிவில் உத்தியோகஸ்தர். லியோனல் என்ற பெயர் கிராமத்து வாயில் புகுந்து கர்னல் ஆகியிருக்கலாம்!

நவாப் கொடுத்த சீமை

அவர் வந்த காலத்தைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்த வேலையின் அருமை தெரியும்.

காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் வாலாஜாபாத் என்ற ஊர் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்கு வாலாஜா என்பது பட்டப்பெயர். அந்தப் பெயரால் ஏற்பட்ட ஊர் அது. கும்பினிப் பட்டாளம் நெடுங்காலம் அங்கே தங்கியிருந்தது.

அந்த நவாப்தான் 1763-ல் சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களை எல்லாம் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். பிற்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லா என்று பெயர் பெற்றது இந்த ஜாகீர்தான். வாலாஜாபாத், உத்திரமேரூர், மதுராந்தகம், காஞ்சிபுரம் எல்லாம் இதில் அடக்கம்.

கும்பினி என்ன செய்தது? வாங்கிய சீமையை அந்த நவாபுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டது! குத்தகைப் பணம் வந்தால் போதும். கிராமத்தில் என்ன நடந்தால் என்ன? ஏரிக்கரை இடிந்தால் யார் பார்ப்பது? குத்தகைக்காரருக்கு இந்த வருஷத்து வசூல் முக்கியம். அடுத்த வருஷம் வேறொருவர் கையில் போகலாம். ஆகவே கரையில் ஒரு கூடை மண் போட அவருக்கு மனம் வராது.

இந்த நிலையில் 1780-ல் ஐதர் அலி படையெடுத்து வந்தார். அவருடைய குதிரைப்படை சென்னையின் வாசல் வரை வந்தது. செப்டம்பர் 10-ந் தேதி புள்ளலூரில் பெரிய சண்டை நடந்தது. வாலாஜாபாத்திலிருந்து அது அதிகத் தூரம் இல்லை. அந்தச் சண்டையில் பெய்லி என்ற தளபதியின் கீழ் இருந்த கும்பினிப் படை அடியோடு அழிந்தது.

இரண்டு படைகளும் மோதிக்கொண்டன. இடையில் அகப்பட்டுக்கொண்டது குடியானவன். நெல் போயிற்று. மாடு போயிற்று. பின்னோடு பஞ்சம் வந்தது. ஊரைக் காலி செய்துகொண்டு மக்கள் ஓடினார்கள். 1784-ல் சமாதானம் ஏற்பட்டபோது, பல கிராமங்களில் விளக்கேற்ற ஆள் இல்லை.

ஆள் இல்லாத ஊரில் ஏரியை யார் கவனிப்பது? கரையில் முள்ளும் மரமும் முளைத்தன. மதகுகள் தூர்ந்தன. கலங்கல் கற்கள் சரிந்தன.

பத்து ஆண்டுகள் கழித்து, 1794-ல், லியோனல் பிளேஸ் இந்தச் சீமைக்குக் கலெக்டராக வந்து சேர்ந்தார்.

ஏரி என்றால் என்ன?

ஏரி என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் அது ஓர் அணைதான். மேட்டூரைப் போலக் கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டியது அல்ல. மண்ணால் கட்டிய சிறிய அணை. சரிந்து வரும் நிலத்தில், தாழ்ந்த பக்கமாக, பிறை வடிவில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்புவார்கள். மழைத் தண்ணீர் அதில் தங்கும்.

கரையின் அடியில் மதகு இருக்கும். அது வயலுக்குத் தண்ணீர் விடும் வாசல். கரையின் ஓரத்தில் கலங்கல் இருக்கும். ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம் அது.

மண் கரைக்கு ஒரு பலவீனம் உண்டு. கல் அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் அது தாங்கும். மண் கரையின் மேல் வழிந்தால் தாங்காது. முதலில் ஒரு கையகலம் அரிக்கும். சிறிது நேரத்தில் அது ஓர் ஆள் அகலம் ஆகும். பிறகு எந்த மூட்டையைப் போட்டாலும் நிற்காது. ஆகவே மண் அணைக்குக் கலங்கல்தான் உயிர். கலங்கல் சிறியதாக இருந்தாலும், அடைத்துக் கொண்டாலும் ஆபத்து.

அந்தக் காலத்துக் கலங்கல்களில் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்து, இன்னும் ஓரடி, இரண்டடி தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்கள். கோடையில் ஒரு தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும் அல்லவா? ஆனால் அடைத்த பிறகு திடீரென்று பெருமழை பிடித்துக்கொண்டால்? இருட்டில், கொட்டுகிற மழையில், யாராவது போய் அந்த அடைப்பைப் பிடுங்க வேண்டும்.

கரைக்கு வேறு எதிரிகளும் உண்டு. நண்டு வளை தோண்டும். எலி தோண்டும். மரத்தின் வேர் பட்டுப்போனால் அந்த இடம் குழாய் போல ஆகிவிடும். அதன் வழியே தண்ணீர் கசியும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கும் வரை பயம் இல்லை. கலங்கலாக, மண் நிறத்தில் வந்தால், உள்ளேயிருந்து கரை கரைகிறது என்று அர்த்தம். கரையோரத்துக் கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இது பள்ளிக்கூடம் போகாமலே தெரியும்.

மதுராந்தகம் ஏரியில் 23 அடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். நிரம்பினால் ஏறத்தாழ 69 கோடி கன அடி. எடை போட்டுப் பார்த்தால் சுமார் 2 கோடி டன்! ஆழமான இடத்தில், கரையின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 7 டன் அழுத்துகிறது. இதைத் தாங்குவது வெறும் மண்.

உத்திரமேரூர் காட்டிய வழி

இப்படிப்பட்ட ஏரிகளை நம் முன்னோர் எப்படிப் பாதுகாத்தார்கள்?

அதற்கு விடை தேடி எங்கும் போக வேண்டாம். வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலைத் தேர்தலைப் பற்றிச் சொல்வதால் உலகப் புகழ் பெற்றவை.

குடத்தில் ஓலை போட்டு எதற்கு ஆள் எடுத்தார்கள்? 30 குடும்புகளிலிருந்து 30 பேரை எடுத்தார்கள். 12 பேர் ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். மீதி 6 பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதே அவர்கள் வேலை. 360 நாள் பதவி. கணக்குக் காட்டத் தவறியவருக்கு மறுபடியும் பதவி கிடையாது. அவருடைய உறவினருக்கும் கிடையாது!

உத்திரமேரூர் ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்து ஏரி. அதைத் தூர் வாருவதற்கென்று பொன் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஏரியின் செலவுக்கென்றே நிலம் விடுவதும் வழக்கம். அதற்கு ஏரிப்பட்டி என்று பெயர். களத்தில் நெல் அளக்கும்போது, சர்க்கார் பங்கும் குடியானவன் பங்கும் பிரிப்பதற்கு முன்னாலேயே, கோவிலுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு என்று எடுத்துவைப்பார்கள். ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு.

போரும் குத்தகையும் சேர்ந்து இந்த ஏற்பாட்டைச் சிதைத்துவிட்டன. அது சிதைந்த பிறகுதான் பிளேஸ் வந்தார்.

துரையின் கணக்கு

பிளேஸ் கெட்டிக்கார உத்தியோகஸ்தர். கணக்கில் புலி. கும்பினிக்கு வரவேண்டிய பணம் ஏன் வரவில்லை என்று பார்த்தார். நெல் விளையவில்லை, ஆகவே பணம் வரவில்லை. நெல் ஏன் விளையவில்லை? ஏரியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் ஏன் இல்லை? கரை உடைந்து கிடக்கிறது.

ஆக, வரி வேண்டுமானால் முதலில் ஏரியைப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள மகா மேதை வேண்டியதில்லை. ஆனால் அதுவரை வந்தவர்கள் வசூலைத்தான் பார்த்தார்கள். ஏரிகளைச் செப்பனிடும் வேலையில் பிளேஸ் முழு மூச்சாக இறங்கினார். ஊர் ஊராகப் போனார். கும்பினியின் பணத்தைச் செலவிட்டு ஏரிகளைப் பழுது பார்த்தார். கிராமத்துப் பழைய ஏற்பாடுகளை விசாரித்து எழுதி வைத்தார். கோவிலும் ஏரியும் நன்றாக இருந்தால்தான் ஊரில் ஜனங்கள் நிலைத்து நிற்பார்கள் என்ற முடிவுக்கு வந்தார்.

காஞ்சிபுரம் கோவில்களின் நிர்வாகத்தையும் அவர் சர்க்கார் கவனத்துக்குள் கொண்டுவந்தார். வரதராஜப் பெருமாள் உற்சவத்துக்கு நேரில் போனார். வரதருக்கு அவர் நகை கொடுத்தார் என்று சொல்கிறார்கள். கும்பினிக் கலெக்டர் கோவில் காரியத்தில் இவ்வளவு தூரம் தலையிடுவதா என்று பின்னால் வந்த பாதிரிமார்கள் குறை கூறினார்கள். பிளேஸுக்கு அதெல்லாம் லட்சியமே இல்லை.

அவர் தர்மப் பிரபு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு இன்னொரு முகமும் இருந்தது. வரியை உயர்த்திக் கேட்டார். கிராமத்து மிராசுதார்கள் ஒப்பவில்லை. 1795, 1796 வாக்கில் பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் ஊரை விட்டே வெளியேறினார்கள். பிளேஸ் மசியவில்லை. சொன்ன தொகைக்கு உடன்படாதவர்களை நீக்கிவிட்டு வேறு ஆட்களிடம் நிலத்தைக் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாகக் காணியாட்சி செய்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஏரியைக் கட்டிய கைதான் காணியையும் பறித்தது.

அடங்காத ஏரி

சீமையில் உள்ள எல்லா ஏரிகளையும்விட அவருக்குத் தலைவலி கொடுத்தது மதுராந்தகம் ஏரிதான்.

உத்திரமேரூர், வந்தவாசிப் பக்கங்களில் பெய்யும் மழை எல்லாம் ஓடைகளாகவும் கிளியாறாகவும் திரண்டு இந்த ஏரிக்குத்தான் வருகிறது. மேலே உள்ள சிறு ஏரிகள் நிரம்பினால் அவற்றின் மிச்சத் தண்ணீரும் வந்து சேரும். ஒன்று உடைந்தால், அடுத்தது. அது உடைந்தால், அதற்கடுத்தது. சங்கிலி போல.

இந்தச் சங்கிலி என்ன செய்யும் என்பதற்குப் பிற்காலத்தில் ஒரு சாட்சி உண்டு. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்தன. அந்தத் தண்ணீர் பாலாற்றில் புரண்டு வந்து வாணியம்பாடியைச் சூழ்ந்தது. ஏராளமான பேர் மாண்டுபோனார்கள்.

மதுராந்தகத்துக்கு மழைக்காலம் வந்தால் இதே பயம். ஏரி நிரம்பும். கரை உடையும். கீழே உள்ள வயல்கள் மணல் மூடிப் போகும். மறு வருஷம் கரையைக் கட்டுவார்கள். மழை வரும். மறுபடி உடையும். பிளேஸ் பணத்தைக் கொட்டினார். பணமும் கரையோடு போயிற்று என்று சொல்கிறார்கள்.

இனி வருவது மதுராந்தகத்து மக்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை.

அடுக்கி வைத்த கற்கள்

1798-ம் ஆண்டு. மழைக்காலத்துக்கு முன்னால் கரையைப் பலப்படுத்தும் வேலை மும்முரமாக நடந்தது. கலெக்டரே நேரில் வந்து பார்த்தார். கரைக்குக் கல் வேண்டியிருந்தது.

கோவிலுக்குள் போனபோது, அங்கே கருங்கற்கள் அடுக்கி வைத்திருப்பதைக் கண்டார். எதற்கு என்று கேட்டார். ஜனகவல்லித் தாயாருக்கு ஒரு சன்னதி கட்ட வேண்டும், அதற்குச் சேர்த்த கல், பணம் போதாமல் வேலை நிற்கிறது என்று அர்ச்சகர்கள் சொன்னார்கள்.

துரைக்குக் கோபம் வந்தது. ஊரைக் காக்கும் ஏரி உடைந்து கிடக்கிறது. இங்கே கல் சும்மா கிடக்கிறதே! வருஷா வருஷம் ஏரி உடைகிறதே, உங்கள் சாமி அதைக் காப்பாற்றக் கூடாதா என்று கேட்டாராம்.

மனதாரக் கேட்டால் ராமர் எதையும் கொடுப்பார் என்று அர்ச்சகர்கள் பணிவாகப் பதில் சொன்னார்கள்.

பிளேஸ் யோசித்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வருஷம் ஏரி உடையாமல் நிற்கட்டும். தாயார் சன்னதியைத் தாமே கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். கோவில் கல்லை அவர் தொடவில்லை.

மழை வந்தது

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. ஏரி மளமளவென்று ஏறியது. கலங்கல் தாண்டி ஓடியது. கரையின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் கொஞ்ச தூரம்தான் பாக்கி.

ஊரில் யாரும் தூங்கவில்லை. மூட்டை முடிச்சுகளைக் கட்டி வைத்துக்கொண்டார்கள்.

கலெக்டருக்கும் தூக்கம் வரவில்லை. நள்ளிரவில் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டார். சேவகர்கள் தடுத்தும் கேட்கவில்லை. எந்த இடம் பலவீனம் என்பது அவருக்குத் தெரியும். அந்த இடத்தை நோக்கிக் கரையின் மேல் நடந்தார். காலடியில் மண் வழுக்கியது. ஒரு பக்கம் கடல் போலத் தண்ணீர். மறுபக்கம் இருட்டு. எந்த நிமிஷமும் கரை விலகலாம்.

அப்போது பளீரென்று மின்னியது.

கரை உடையும் என்று அவர் பயந்த அதே இடத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள்! தோளிலே அம்பறாத்தூணி. கையிலே வில். உடம்பெல்லாம் ஒளி. கரையின் மேல் அங்கும் இங்கும் நடந்து காவல் காக்கிறார்கள். துரை தொப்பியை எடுத்துவிட்டு, சேற்றிலே மண்டியிட்டார். கூட வந்தவர்கள், துரைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறினார்கள். அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பொழுது விடிந்தது. மழை ஓய்ந்தது. கரை நின்றது.

இதுதான் கதை.

நம்புகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நம்பாதவர்கள் கரை நின்றதற்கு வேறு காரணம் சொல்வார்கள். அந்த ஆண்டு மழைக்கு முன்பே, நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி, மிதித்து, கெட்டித்திருந்தார்கள் அல்லவா? இரண்டு தரப்பாரும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கதையின்படி, அந்த ராத்திரி ஒரு ஜில்லாவின் கலெக்டர் படுக்கையில் இல்லை. கரையின் மேல் இருந்தார்.

கல்லிலே பெயர்

வாக்குக் கொடுத்தபடி பிளேஸ் தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார். வேலையை அவரே முன்னின்று பார்த்தார் என்று சொல்வார்கள். அந்தச் சன்னதியில் தமிழில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்தத் தர்மம் கும்பினி ஜாகீர்க் கலெக்டர் லியோனல் பிளேஸ் துரையுடையது என்பது அதன் சாரம்.

கோதண்டராமருக்கு அது முதற்கொண்டுதான் ஏரி காத்த ராமர் என்ற பெயர் நிலைத்தது. அதற்கு முன்பே இது பெயர் பெற்ற தலம்தான். பெரிய நம்பி ராமானுஜருக்கு இங்கே மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்தார் என்பது வைணவர்கள் போற்றும் வரலாறு. ஆனால் சாதாரண ஜனங்களின் வாயில் நிலைத்தது ஏரியின் பெயர்தான்.

1798-ல் பிளேஸின் கலெக்டர் உத்தியோகம் முடிந்தது. மறு ஆண்டு, 1799-ல், ஜாகீரைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை எழுதிக் கொடுத்தார். நிலம், மிராசு, வாரம், ஏரி, கிராமத்து ஊழியர் எல்லாம் அதில் உண்டு. இங்கிலாந்துப் பார்லிமெண்டுக்காக 1812-ல் தயாரித்த புகழ் பெற்ற ஐந்தாவது அறிக்கையிலும் அவருடைய விவரங்கள் எடுத்தாளப்பட்டன. செங்கற்பட்டுக் கிராமங்கள் அந்நாளில் எப்படி இருந்தன என்று ஆராய்கிறவர்கள் இன்றும் பிளேஸின் எழுத்தைப் புரட்டாமல் இருக்க முடியாது.

துரை போன பிறகு

அவர் போன சில வருஷங்களில் கும்பினி இந்தச் சீமையைக் கூறு போட்டு, 1802-ல் ஏலம் விட்டது. எடுத்தவர்களில் பலர் கட்ட முடியாமல் கைவிட்டார்கள். பழையபடி ஏரிகளுக்கு நாதி இல்லாமல் போயிற்று.

ஊரார் சேர்ந்து கரை போடும் பழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். தானாக நடந்துவந்த காரியம் அது. பிறகு 1858-ல் சட்டம் போட்டு, கரை உடையும் ஆபத்து நேரத்தில் ஊரார் கட்டாயம் வேலைக்கு வரவேண்டும் என்று சர்க்கார் சொல்லும்படி ஆயிற்று! கரை சர்க்காருடையது, வயல் நம்முடையது என்று ஜனங்கள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரைக் குற்றம் சொல்வது?

காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று 2019-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. வாலாஜாபாத்தும் உத்திரமேரூரும் ஒரு பக்கம், மதுராந்தகம் மறுபக்கம். இரண்டிலும் சேர்த்துப் பொதுப்பணித் துறைக் கணக்கில் வந்த பெரிய ஏரிகள் மட்டும் 909. ஊராட்சிகளின் சிறிய ஏரிகள் தனி.

2021-ல் இந்திய அரசு அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளை முறையாகச் சோதிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில மட்டும் அதில் அடங்கும். நம் கிராமத்து ஏரிக்கரைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த உயரத்துக்கு வருவதில்லை. உயரம் குறைவு, ஆனால் ஊர் கரையை ஒட்டியே இருக்கிறது. முன்பெல்லாம் கரைக்குக் கீழே வயல்தான் இருந்தது. உடைந்தால் பயிர் போகும். இப்போது வயலை மனையாக்கி வீடு கட்டிவிட்டார்கள். கலங்கல் தண்ணீர் போகும் வாய்க்காலையும் விட்டுவைப்பதில்லை. ஏரி பழையது, ஆபத்து புதியது.

2015 டிசம்பரில் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மதுராந்தகம் ஏரி நிரம்பி, கலங்கல் வழியே வெள்ளம் புரண்டது. கிளியாற்றங்கரைக் கிராமங்கள் தத்தளித்தன. அன்றும் கரை நின்றது.

பிறகு, 2020-களின் தொடக்கத்தில், 100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் ஏரியைத் தூர் வாரி, கரையைப் பலப்படுத்தி, கலங்கலைப் புதுப்பிக்கும் வேலையை அரசாங்கம் தொடங்கியது. தூர் வார வேண்டுமானால் ஏரியை வற்ற விட வேண்டும். வற்றிய ஏரியைப் பார்த்துக் கீழே இருந்த விவசாயிகள் தவித்தார்கள். வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி முறையிட்டார்கள். ஏரி உடைந்தாலும் அவர்களுக்குத்தான் கஷ்டம். ஏரியைச் செப்பனிட்டாலும் அவர்களுக்குத்தான் கஷ்டம்!

மதுராந்தகத்துக்குப் போகிறவர்கள் தாயார் சன்னதியை அவசியம் பார்க்க வேண்டும். குழந்தைகளை அழைத்துப் போனால் அந்தக் கல்வெட்டைக் காட்டிப் படிக்கச் சொல்லலாம். படித்துவிட்டு வெளியே வந்து, ஏரிக்கரையில் ஏறி நிற்கலாம். ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம், வெகு தாழ்வில், வீடுகளின் கூரைகள்.